கழுவாத பிலிமோடு விமான நிலையச் சோதனையைக் கடப்பது எப்படி

பதினான்கு ரோல்கள். எல்லாம் 400 வேகம் (ஒளியை ஏற்கும் திறனின் அளவு, ஐ.எஸ்.ஓ. என்றும் சொல்வார்கள்; எண் கூடக் கூட உணர்திறன் கூடும்), கறுப்பு வெள்ளை. மூன்று வாரம் அலைந்து எடுத்த படங்கள். கழுவி வந்த நெகட்டிவை விளக்குப் பலகையில் வைத்தபோது படங்களுக்கு முன்னால் ஓரம்தான் கண்ணில் பட்டது. பற்சக்கரத் துளைகளைச் சுற்றிக் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டிய பகுதி, அடுப்புப் புகை படிந்த மாதிரி சாம்பல் பூத்திருந்தது. உள்ளே நிழல் விழுந்த இடங்களில் விவரம் என்று எதுவுமே மிஞ்சவில்லை. வெறும் மணல்துகள்.

திரும்பும் வழியில், விமானம் மாறிய ஊரில், கைப்பையை ஒரே ஒரு முறை ஸ்கேனருக்குள் விட்டதன் விளைவு அது. அடுத்த விமானத்துக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கத் தயங்கினேன். அது எந்த வகை எந்திரம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் கேட்டும், விசாரித்தும், சில இடங்களில் மறுக்கப்பட்டும் தெரிந்துகொண்டதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். முதல் முறை பிலிமோடு பறக்கப்போகிறவர்களை நினைத்தே எழுதியிருக்கிறேன். டிஜிட்டல் கேமரா மட்டும் கொண்டுபோகிறவர்கள் நேரே நான்காம் படிக்குப் போய்விடலாம்.

1. எது கெடும், எது கெடாது

டிஜிட்டல் கேமரா, அதன் சென்சார், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. கழுவி முடித்த நெகட்டிவ், ஸ்லைடு, பிரிண்ட் ஆகியவற்றுக்கும் ஆபத்தில்லை. கெடுவது கழுவாத பிலிம் மட்டுமே. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: படம் எடுத்து முடித்த ரோல் இனிப் பத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. கழுவும் வரைக்கும் அது ஒளியை ஏற்கும் பொருள்தான். எடுக்காத ரோல் கெட்டால் ரோலின் விலையோடு போகும். எடுத்த ரோல் கெட்டால் பயணமே போய்விடும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கேமராவுக்குள் இருப்பதும் பிலிம்தான். உடனடியாகப் படம் தரும் இன்ஸ்டாக்ஸ் பிலிமின் வேகம் ஐ.எஸ்.ஓ. 800, போலராய்டின் ஐ-டைப், 600 வகைகள் 640. இவற்றையும் அதே கவனத்தோடு கொண்டுபோக வேண்டும். விளையாட்டுப் பொருள்போல் தோன்றுவதால், பெரும்பாலும் இவைதான் செக்-இன் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்து கெடுகின்றன.

400 வேக பிலிமை 1600 என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவச் சொல்லும் பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் அந்த ரோலை 1600 ஆகவே கணக்கில் வையுங்கள். கழுவும் நேரம் கூடும்போது எக்ஸ்ரே விட்டுச் சென்ற சாம்பல் மூட்டமும் சேர்ந்து அடர்த்தியாகும்.

நாம் நடந்து கடக்கும் உலோகச் சோதனை வாசல் பிலிமைத் தொடாது. கைகளைத் தூக்கி நிற்கச் சொல்லும் மில்லிமீட்டர் அலை உடல் ஸ்கேனரும் அப்படியே.

2. எந்திரத்தை அடையாளம் காணுங்கள்

மூன்று வகை எந்திரங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

செக்-இன் பெட்டிகள் போகும் எந்திரத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அதன் கதிர்வீச்சு மிக வலுவானது. கழுவாத பிலிமை எக்காரணம் கொண்டும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது. 100 வேகம்தானே, ஒரு ரோல்தானே என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அந்தக் கதிர் பட்ட ரோலில், படத்தின் குறுக்கே அலை அலையாகப் பட்டைகள் ஓடும். சுருண்டிருக்கும் பிலிமில் கதிர் ஊடுருவிய தடம் அது.

கைப்பைக்கான பழைய எக்ஸ்ரே எந்திரம் சதுரப் பெட்டி வடிவில் இருக்கும். லேப்டாப்பையும் திரவங்களையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள். திரையில் தட்டையான ஒற்றைப் படம் தெரியும். ஐ.எஸ்.ஓ. 800க்குக் கீழே உள்ள பிலிம் இதில் ஓரிரு முறை போனால் கண்ணுக்குத் தெரியும் கேடு வராது. ஆனால் ஒவ்வொரு முறையும் படும் கதிர் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும். ஐந்து முறைக்கு மேல் விடக்கூடாது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் வரம்பு. நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவது, இப்போது வேகமாகப் பரவிவரும் சி.டி. ஸ்கேனர். மருத்துவமனையில் நோயாளியைப் படுக்க வைத்து உள்ளே அனுப்பும் எந்திரத்தின் அதே தொழில்நுட்பம்தான். பருத்த, வளைந்த, பெரும்பாலும் வெள்ளை நிற உடல். நீண்ட சுரங்கம்போன்ற வாய். அதிகாரி திரையில் பையை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்ப்பார். 'லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம், பையில் அப்படியே இருக்கட்டும்' என்று சொன்னால், எதிரே இருப்பது சி.டி. எந்திரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பயணிகளுக்கு அது நல்ல செய்தி. நமக்கு அது எச்சரிக்கை. ஒரே ஒரு முறை போனாலும் பிலிமில் மூட்டம் விழும். கோடக், இல்ஃபோர்டு இரண்டுமே கழுவாத பிலிமை இதற்குள் அனுப்பாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கும்படி அறிவுறுத்துகின்றன.

ஈயப் பூச்சுப் பை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பழைய எந்திரத்தில் அது ஓரளவு உதவும். ஆனால் திரையில் கரிய கட்டியாகத் தெரிவதால் பையைத் திறக்கச் சொல்வார்கள், அல்லது மறுபடி ஒருமுறை உள்ளே அனுப்புவார்கள். சி.டி. எந்திரத்துக்கும் செக்-இன் எந்திரத்துக்கும் அதை நம்பி பிலிமை ஒப்படைக்க முடியாது. அந்தப் பணத்துக்கு இரண்டு ரோல் பிலிம் வாங்குங்கள் என்பதே என் பதில்.

3. டிக்கெட் எடுக்கும்போதே பிலிமையும் கணக்கில் சேருங்கள்

ஒரு காகிதத்தில் உங்கள் பயணத்தை எழுதி, எத்தனை இடத்தில் பாதுகாப்புச் சோதனை வரும் என்று எண்ணுங்கள். நேரடி விமானம் என்றால் போக ஒன்று, வர ஒன்று. இடையில் ஒரு ஊரில் மாறினால் அது நான்காகலாம். பல விமான நிலையங்களில், வெளியே போகாமல் விமானம் மட்டும் மாறுகிறவர்களையும் மீண்டும் சோதிக்கிறார்கள். டிக்கெட் விலையில் சின்ன வித்தியாசம்தான் என்றால் நேரடி விமானத்தையே எடுங்கள். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இடைவெளி குறைந்தது இரண்டரை மணி நேரம் இருக்கட்டும். என் பதினான்கு ரோல்களை அழித்தது அந்த எந்திரம் மட்டுமல்ல, நாற்பது நிமிட இடைவெளியும்தான்.

அடுத்து, போகிற ஊரிலேயே பிலிம் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால், தங்கும் விடுதிக்கு முன்கூட்டியே தபாலில் வரவழைக்கலாம். விடுதியில் பெற்று வைப்பார்களா என்று முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அங்கேயே கழுவ முடியுமா என்பது. எடுத்த ரோல்களை அங்குள்ள லேபில் கழுவி வாங்கிவிட்டால், திரும்பும்போது எந்த எந்திரத்தைக் கண்டும் பயப்பட வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையும் ஸ்லைடும் கழுவ, சாதாரண வண்ண நெகட்டிவைவிடக் கூடுதல் நாள் கேட்கும் லேப்கள் உண்டு. ஆகவே கடைசி நாள் காலையில் போய் நிற்காதீர்கள்; ஊர் திரும்புவதற்கு நான்கைந்து நாள் முன்பே முதல் கட்டு ரோல்களைக் கொடுத்துவிடுங்கள்.

பிலிமைக் கூரியரில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு பறக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் பார்சல்களும் எக்ஸ்ரே சோதனைக்கு உள்ளாகின்றன. 'பிலிம், எக்ஸ்ரே வேண்டாம்' என்று உறைமேல் எழுதினாலும் அதை மதிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. உள்நாட்டுக்குள் தரை வழியாகப் போகும் கூரியர் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

4. பேட்டரிக் கணக்கு

பிலிம் கேமராக்காரர்களும் டிஜிட்டல்காரர்களும் ஒன்றாகச் சிக்கும் இடம் இது.

உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். சில சமயம் பெட்டி உங்களோடு ஏறாமல் நின்றுவிடும். பவர் பேங்க்கும் உதிரி பேட்டரி என்ற கணக்கில்தான் வரும்.

அளவுகோல் வாட்-ஹவர். ஒரு பேட்டரி 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி இல்லாமல் போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் ஒருவருக்கு இரண்டு உதிரிகள்தான். 160க்கு மேல் பயணி கொண்டுபோகவே முடியாது. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர் வரும். 7.2 வோல்ட், 2280 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று அச்சிட்ட கேமரா பேட்டரி 16.4 வாட்-ஹவர்தான், கவலையே வேண்டாம். பவர் பேங்க்கில் கவனமாக இருங்கள்: வெளியே வரும் 5 வோல்ட்டைப் பெருக்கக்கூடாது, உள்ளே உள்ள செல்லின் 3.7 வோல்ட்டைத்தான் பெருக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் என்றால் 74 வாட்-ஹவர், தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111. ஒப்புதல் கேட்க வேண்டிய எல்லைக்குள் வந்துவிடுகிறது.

எழுத்து அழிந்த பேட்டரியைக் கொண்டுபோகாதீர்கள். அளவு படிக்க முடியவில்லை என்றால் பறிமுதல் செய்ய அதுவே காரணமாகிவிடும். முனைகளில் உலோகம் பட்டுத் தீப்பொறி வராதபடி, ஒவ்வொன்றையும் அதன் பிளாஸ்டிக் மூடியோடோ தனித்தனி உறையிலோ வையுங்கள். மூடி தொலைந்திருந்தால் முனைமேல் டேப் ஒட்டுங்கள்.

பொது வரம்புக்கு மேல் விமான நிறுவனங்கள் தங்கள் விதியைக் கூட்டிக்கொண்டே இருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைச் சார்ஜ் செய்வதையும், அதிலிருந்து வேறு கருவியைச் சார்ஜ் செய்வதையும் தடுத்திருக்கிறது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டும் என்கிறது, அதையும் பயன்படுத்தக்கூடாது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் 3சி (அந்நாட்டின் கட்டாயத் தரச் சான்று) முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏற முடியாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, நீங்கள் ஏறும் ஒவ்வொரு விமான நிறுவனத்தின் பக்கத்தையும் பாருங்கள். முதல் விமானத்தின் விதி இரண்டாவதுக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

5. காகிதங்கள்

நீங்கள் வெளிநாட்டில் புதிதாக வாங்கிய கேமராவோடு திரும்புகிறீர்களா, இங்கிருந்து கொண்டுபோனதோடு திரும்புகிறீர்களா என்பது சுங்க அதிகாரிக்குத் தெரியாது. நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

முதலில் ஒரு பட்டியல் தயாரியுங்கள். கேமரா உடல், ஒவ்வொரு லென்ஸ், ஃபிளாஷ், ஒளிமானி: தயாரித்த நிறுவனம், மாடல், வரிசை எண், வாங்கிய ஆண்டு, இன்றைய மதிப்பு. ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள்; இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு பொருளின் வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய லென்ஸ்களில் எண் முன்வளையத்தின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அதை அவசரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ரசீது இருந்தால் அதன் நகலையும் சேருங்கள்.

பல நாடுகளில், புறப்படும்போதே சுங்க அலுவலகத்தில் பொருள்களைக் காட்டி, 'இவை இங்கிருந்து கொண்டுபோகப்படுகின்றன' என்று சான்று வாங்கலாம். அமெரிக்காவில் அதற்குப் படிவம் 4457. பொருளை நேரில் காட்ட வேண்டும் என்பதால், பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். இங்கேதான் நேரம் பிடிக்கும். அதிகாரி இருக்கையில் இல்லாமல் அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறேன்.

தொழில்முறை வேலைக்காக விலையுயர்ந்த கருவிகளை மொத்தமாகக் கொண்டுபோகிறவர்களுக்கு ஏ.டி.ஏ. கார்னெட் என்று ஒன்று உண்டு. சுமார் 80 நாடுகள் ஏற்றுக்கொள்ளும் தற்காலிக இறக்குமதிப் பத்திரம். அந்தந்த நாட்டின் வணிகச் சபை வழங்கும். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். செலவு இரண்டு வகை: வழங்கும் கட்டணம், பொருள்களின் மதிப்பைப் பொறுத்த பிணைத்தொகை அல்லது உத்தரவாதம். பட்டியல் ஒருமுறை வழங்கப்பட்டபின் அதில் புதிதாக ஒரு லென்ஸைக்கூடச் சேர்க்க முடியாது. ஆகவே போகுமா போகாதா என்று சந்தேகமுள்ளதையும் முன்பே எழுதிவிடுங்கள். பட்டியலில் இருப்பதைக் கொண்டுபோகாமல் விடுவது பிரச்சினை இல்லை. பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருளாகையால் பிலிம் இதில் வராது.

கார்னெட்டில் நம்மைச் சிக்கவைக்கும் பெரிய பொறி, முத்திரைதான். புறப்படும் நாட்டில் மஞ்சள் தாள், நுழையும் நாட்டில் வெள்ளைத் தாள், அங்கிருந்து வெளியேறும்போது மறுபடி வெள்ளை, வீடு திரும்பியதும் மறுபடி மஞ்சள். நான்கில் ஒன்று விடுபட்டாலும் பொருளை அங்கேயே விற்றுவிட்டதாகக் கணக்கிட்டு வரி கேட்டு ஓலை வரலாம், அதுவும் பல மாதம் கழித்து. 'இது தேவையில்லை, போங்கள்' என்று யார் சொன்னாலும் முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

காப்பீடு எடுத்திருந்தால் ஒரே ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: செக்-இன் பெட்டியில் வைத்த கேமராவுக்கு இழப்பீடு உண்டா? பெரும்பாலும் விடை ஏமாற்றமாகவே இருக்கும்.

6. பையை அடுக்கும் விதம்

பல நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் தருகின்றன. உறுதியான கேமராப் பெட்டி என்று ஆசைப்பட்டு பெலிக்கன் 1510 போன்றதை வாங்கினால், காலிப் பெட்டியே 5 கிலோவுக்கு மேல் இருக்கும். விமானத்தில் கைப்பையாகக் கொண்டுபோக மென்மையான துணிப்பையே நல்லது.

பிலிமுக்குத் தனி இடம். அட்டைப்பெட்டிகளை வீட்டிலேயே பிரித்து எறிந்துவிடுங்கள். 35 மி.மீ. ரோல்களைக் கறுப்பு டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரியும் ஜிப் பையில் போடுங்கள். ஒளி ஊடுருவும் வெள்ளை டப்பா என்றால் அப்படியே இருக்கலாம். 120 என்ற அகல வகை ரோல்களுக்கு, எடுத்து முடித்ததும் நாக்கால் நனைத்து ஒட்டும் காகிதப் பட்டையை இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்ந்த ரோலைச் சோதிப்பவர் தெரியாமல் பிரித்துவிட வாய்ப்புண்டு. எடுத்தவை ஒரு பையில், எடுக்காதவை வேறு பையில். 1600, 3200 வேக ரோல்கள் இருந்தால் எண் தெரியும்படி மேலே வையுங்கள். '800க்கு மேல் இருந்தால் மட்டும் கேளுங்கள்' என்று சொல்லும் அதிகாரிக்கு அந்த எண்ணே பதில். ஆனால் 400 ரோலின்மேல் 3200 என்று எழுதி ஒட்டுவது போன்ற தந்திரத்தில் இறங்காதீர்கள். பிடிபட்டால் அந்த மேசையில் அதன்பின் உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை.

கேமராவுக்குள் பாதி எடுத்த ரோலோடு கிளம்பாதீர்கள். மிச்சம் பத்துப் படமே என்றாலும் எடுத்து முடித்துச் சுற்றி வெளியே எடுத்துவிடுங்கள். கேமராவை உள்ளே அனுப்பினால் உள்ளிருக்கும் பிலிமும் கதிரில் போகும். கையால் சோதித்தால் பின்மூடியைத் திறக்கச் சொல்வார்கள். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

தாள் பிலிம் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வருவது) கொண்டுபோகிறவர்கள் பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி, 'ஒளி பட்டால் கெடும், திறக்காதீர்கள்' என்று போகும் நாட்டின் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பிலிம் மாற்றும் கறுப்புத் துணிப்பையையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். திறந்துதான் பார்க்க வேண்டும் என்று அதிகாரி பிடிவாதமாக நின்றால், அந்தப் பைக்குள் பெட்டியை வைத்து அவர் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லலாம்.

எல்லா டிஜிட்டல் கருவிகளிலும் பேட்டரி சார்ஜோடு இருக்கட்டும். கெடுபிடி கூடும் நாட்களில் 'இயக்கிக் காட்டுங்கள்' என்பார்கள். உயிர் வராத கருவியை ஏற்ற மறுக்கவும் கூடும். சின்ன ஸ்க்ரூடிரைவர், பல்பயன் கத்தி, முக்காலி ஆகியவை செக்-இன் பெட்டிக்கு. அழுத்தக் காற்று டின் எந்தப் பெட்டிக்கும் வேண்டாம். ரப்பர் ஊதுகுழல் போதும். லென்ஸ் துடைக்கும் திரவம் 100 மி.லி.க்கு உட்பட்ட புட்டியில். கழுவும் ரசாயனங்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

7. சோதனை மேசையில்

வழக்கமாகச் சொல்லும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். முதல் விமானங்கள் கிளம்பும் அதிகாலை நெரிசலில், கையால் சோதிக்க ஆள் ஒதுக்குவது அவர்களுக்கும் கடினம்.

பை பெல்ட்டில் ஏறுவதற்கு முன்பே பேச வேண்டும். வரிசையில் நிற்கும்போதே பிலிம் பையை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எதிர்ப்படும் அதிகாரியின் கண்ணைப் பார்த்து, 'இது கழுவாத கேமரா பிலிம். தயவுசெய்து கையால் சோதிக்க முடியுமா?' என்று கேளுங்கள். இந்த இரண்டு வாக்கியத்தை அந்த நாட்டு மொழியில் ஒரு அட்டையில் எழுதிப் பைக்குள் வைத்திருப்பேன். இளைஞர்களான அதிகாரிகள் சிலர் பிலிமைப் பார்த்ததே இல்லை. ஒரு வீணான ரோலைக் காட்டி, உள்ளே சுருண்டிருக்கும் நாடாவை இழுத்துக் காட்டினால் சட்டென்று விளங்கிவிடும். அதற்காகவே கெட்டுப்போன ரோல் ஒன்றைக் கூடவே வைத்திருக்கிறேன்.

ஒப்புக்கொண்டால் நடப்பது இதுதான். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைப் பிடியில் மாட்டி ரோல்களின்மேல் துடைப்பார்கள். அந்தத் துண்டை ஒரு சிறிய கருவியின் வாயில் வைத்து, வெடிமருந்துத் தடயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பத்து விநாடி. ஒன்றுமில்லை என்று காட்டியதும் பையைத் திருப்பித் தருவார்கள். சிலர் மொத்தப் பையையும் ஒரே துடைப்பில் முடிப்பார்கள். ஒருமுறை ஒரு அம்மையார் இருபத்திரண்டு ரோல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, முத்தைப்போலத் துடைத்து, வரிசையாக அடுக்கி வைத்தார். இருபது நிமிடம் ஆனது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் நன்றி சொன்னேன்.

அந்த நேரத்தில் உங்கள் பர்ஸ், பாஸ்போர்ட், கேமராப் பை எல்லாம் பெல்ட்டின் மறுமுனையில் கிடக்கும். இருவராகப் பயணம் செய்தால் ஒருவர் முன்னால் போய் அவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பகுதியில் போனில்கூடப் படம் எடுக்காதீர்கள்.

மறுத்தால்? அமெரிக்காவில் உங்கள் பக்கம் விதி இருக்கிறது. கூட்டாட்சி விதித் தொகுப்பு 49, பிரிவு 1544.211, பயணி கேட்டால் புகைப்படக் கருவியையும் பிலிமையும் எக்ஸ்ரே இல்லாமல் சோதிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பத்தியை அச்சிட்டு வைத்துக்கொண்டு அமைதியாகக் காட்டுங்கள். மற்றப் பல நாடுகளில் அப்படி உரிமை கிடையாது. அந்த மேசையில் இருப்பவரின் முடிவுதான். அங்கே சட்டம் பேசினால் காரியம் கெடும். மேற்பார்வையாளரை ஒருமுறை மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். அவரும் மறுத்தால், பக்கத்து வரிசையில் பழைய எக்ஸ்ரே எந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், 'அதில் விடலாமா?' என்ற கேள்விக்குப் பலமுறை எனக்கு 'சரி' என்ற பதில் கிடைத்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால், வழியனுப்ப வந்தவர் வெளியே இருந்தால் அவரிடம் கொடுத்துவிட்டு வரலாம். சீக்கிரம் போகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

8. விமானம் மாறும் ஊரும் ஏறும் வாசலும்

முதல் சோதனையில் ஜெயித்த தெம்பில் இரண்டாவதில் அசந்துவிடுகிறோம். பிலிம் பையை விமானத்திலேயே கைக்கெட்டும் இடத்தில் வைத்து, இறங்கும்போது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஊரில் கையால் சோதித்தார்கள் என்பது அடுத்த ஊரில் எதற்கும் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து.

இன்னொரு பொறி ஏறும் வாசலில் இருக்கிறது. மேல் பெட்டிகளில் இடமில்லை, கைப்பையைக் கீழே சரக்கறைக்குக் கொடுங்கள் என்று அங்கே வைத்துக் கேட்பார்கள். சிறு விமானங்களில் இது அடிக்கடி நடக்கும். உதிரி பேட்டரிகளைக் கீழே அனுப்பக்கூடாது என்பது விதி. பிலிமும் போகக்கூடாது: அடுத்த ஊரில் பை நேரே செக்-இன் எந்திரத்துக்குள் போகலாம். ஆகவே பேட்டரிகள், பிலிம், மெமரி கார்டு, ஒரு கேமரா உடல் நான்கும் ஒரு நிமிடத்தில் வெளியே உருவக்கூடிய சின்ன உட்பையில் இருக்கட்டும். வீட்டில் ஒருமுறை உருவிப் பழகிவிட்டே கிளம்புங்கள்.

9. மீறி ஸ்கேனருக்குள் போய்விட்டால்

எந்த ரோல், எந்த ஊர், எந்த வகை எந்திரம், எத்தனை முறை என்று உடனே ரோலின்மேல் மார்க்கரால் குறியுங்கள். பழைய எந்திரத்தில் ஒருமுறை போன 100, 200, 400 ரோல்களுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சி.டி. எந்திரத்தில் போனது எடுக்காத ரோல் என்றால் முக்கியமான படங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். வேறு வழியில்லை என்றால், நெகட்டிவ் பிலிமுக்கு வழக்கத்தைவிட ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி, அதாவது இரு மடங்கு ஒளி, கொடுங்கள்; நிழல் விவரம் மூட்டத்துக்கு மேலே எழும்பி நிற்க அது உதவும். ஸ்லைடு பிலிமில் இது உதவாது. அதன் கறுப்பு வெளிறித்தான் போகும்.

எடுத்து முடித்த ரோல் போய்விட்டது என்றால், லேபில் கொடுக்கும்போது நடந்ததைச் சொல்லுங்கள், கூடுதல் நேரம் கழுவச் சொல்லாதீர்கள். எல்லா ரோல்களையும் ஒரே நாளில் கொடுக்கவும் வேண்டாம். முக்கியத்துவம் குறைந்த ஒன்றை முதலில் கழுவி, அதன் ஓரத்தை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளை என்றால் தெளிந்திருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். வண்ண நெகட்டிவின் ஓரம் இயல்பாகவே ஆரஞ்சு நிறம். கெடாத பழைய நெகட்டிவ் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சாம்பல் என்றால் மிச்ச ரோல்களைக் கழுவுவதற்கு முன் லேப்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள்.